வலைக்குக் கட்டிய கொடிக்கயிறு

எழுபத்து நாலாம் வருஷம் ஏலப்பாறையில் பெய்த மழையில் தவளைக்கே சளி பிடித்து, டிஸ்பென்சரி வரிசையில் வந்து நின்றது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் மழை விட்ட பிறகும் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றுக்குள் மட்டும் அது விடவில்லை. அதை நம்பித்தான் ஆக வேண்டும். அது ராமுத்தாயின் வீடு. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அங்கே இருந்தது அவளும் தம்பி செல்லத்துரையும்தான். பதினெட்டு வயசுத் தம்பி ஆடி மாசத்திலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

“சுவத்துல என்னலே, சினிமாவா ஓடுது?” என்று கேட்டுப் பார்த்தாள். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

இத்தனைக்கும் அவன் வாய் சாதாரண வாயா? லயத்து முற்றத்தில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால், குட்டிக்கானத்தில் பஸ் ஏறப் போனவன் தூக்கிய காலைக் கீழே வைத்து, ‘என்னையா கூப்பிட்டீக?’ என்று திரும்பிப் பார்ப்பான். அந்த வாய் சுடலையோடு அடங்கிவிட்டது.

சுடலை அவனுடைய கூட்டாளி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டுதான். ஆடியில் ஒரு சாயந்தரம் பஜாருக்குப் போய்த் திரும்பும்போது பனி இறங்கியது. ஓடையைத் தாண்டப் போட்டிருந்த பலகையை வெள்ளம் இழுத்துப் போயிருந்தது. செல்லத்துரை மட்டும் வீடு வந்தான். சுடலையை மறுநாள் அரை மைல் கீழே எடுத்தார்கள். என்னடா நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் முதுகைத்தான் காட்டினான்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் சிவப்பு மருந்து கொடுத்தார். இருமலுக்கும் அதுதான், இடுப்பு வலிக்கும் அதுதான், மாமியார் கொடுமைக்கும் அதுதான். மூன்று பாட்டில் தீர்ந்ததும் அவரே கையை விரித்தார்.

“இது பாட்டிலுக்குள்ள அடங்குற சீக்கு இல்ல, ராமுத்தாயி. அவனைத் தனியா விடாத. நாலு பேரோட சேத்து ஓட விடு, வேர்க்க விடு.”

தனியாக விடாதே என்று சொல்ல அவருக்கென்ன? காலையில் பேர் கொடுக்காவிட்டால் லயமும் இல்லை, சோறும் இல்லை. மறுநாள் கொழுந்து பறிக்கப் புறப்பட்டவள், வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் துணி காயப் போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கூடைக்கடியில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று தன்னிடம்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்தக் கயிறு அவளோடு மலை ஏறி இறங்கியது. துணியெல்லாம் அடுப்புக்கு மேலே காய்ந்து புகை நாறியது.

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிக்கும் பெரட்டுக்களம்தான் சாயந்தரம் பையன்களுக்கு வாலிபால் களம். சுடலை போன பிறகு அங்கே யாரும் ஆடவில்லை. பந்தைச் சங்கத்துச் செயலாளர் யாக்கோபு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ராமுத்தாய் அவர் முன்னால் போய்க் கூடையை இறக்கினாள்.

“பந்து சங்கத்துச் சொத்தும்மா. கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்.”

“உங்க கமிட்டி கூடுறதுக்குள்ள என் தம்பி அந்தச் சுவத்துக்கு உள்ள போயிருவான், அண்ணாச்சி. பெறகு சுவத்தோட சேத்துத்தான் அவனைப் பெரட்டுக்குக் கொண்டு வரணும்.”

யாக்கோபு சாவியை எடுத்தார். வலை என்று இருந்தது, நாலு உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த ஒன்று. அதன் கயிறு மழையில் இற்றுப் போயிருந்தது. ராமுத்தாய் கூடைக்கடியில் கையை விட்டாள்.

“ஆட்டம் முடிஞ்சதும் அவுத்துத் தந்திரணும்” என்றாள்.

“கயித்துக்கு இம்புட்டுக் காவலா?” என்று சிரித்தான் அணித்தலைவன் மிக்கேல்ராஜ். அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான். போய்ச் செல்லத்துரையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

மற்ற ஊரில் பந்தைப் பார்த்து ஆடுவார்கள். இங்கே பனி இறங்கிவிட்டால், மூக்கைச் சிந்தினால் அது யார் மூக்கு என்றே தெரியாது. அதனால் பந்தைத் தூக்கிக்கொடுக்கிறவன், யாருக்குத் தூக்குகிறானோ அவன் பேரைக் கூவ வேண்டும். பேர் கேட்டவன் எம்பி அடிக்க வேண்டும். பனியில் வழி நடக்கும்போதும் அதே வழக்கம்தான். முன்னால் போனவன் நின்று கூப்பிடுவான். பின்னால் வருகிறவன் குரலைப் பிடித்து நேரே வந்துவிடுவான்.

செல்லத்துரை தூக்கிக்கொடுக்கிறவன். தூக்கினான், அழகாகத்தான் தூக்கினான். ஆனால் கூவவில்லை. பந்து போய் மிக்கேல்ராஜின் மண்டையில் இறங்கியது. மழையில் ஊறிய தோல் பந்து, பலாக்காய் கனம்.

“ஏலே, ஊமைக்கு எதுக்குலே இந்த வேலை?” என்று எதிர்ப்பக்கம் ஆடிய கீழ் டிவிஷன்காரன் ஒருவன் பனிக்குள்ளிருந்து கத்தினான்.

“நீ வாய் வச்சிருந்து என்னத்தக் கிழிச்ச? நேத்து கங்காணி கேட்டதுக்கு உன் பேரே உனக்கு வரல!” என்று ராமுத்தாய் ஓரத்திலிருந்து திருப்பிக் கொடுத்தாள்.

பத்து நாள் ஆடினார்கள். பத்து நாளும் தோற்றார்கள். பதினைந்துக்கு இரண்டு, பதினைந்துக்கு ஒன்று. அதுவும் எதிராளி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த ஒன்று. மிக்கேல்ராஜ் மண்டை வீங்கி, இரண்டு தலை ஆளாக நடமாடினான். ஆனாலும் நாலு மணிக்கு லயத்து வாசலில் வந்து நிற்பதை விடவில்லை. செல்லத்துரையும் எழுந்து போனான். வந்து அரைத் தட்டுச் சோறு தின்றான். பிறகு சுவர். ஒவ்வொரு நாளும் ராமுத்தாய் வலையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

பதினோராம் நாள் பனி ரொம்பக் கனம். எங்கிருந்தோ பந்து உயர வந்தது. செல்லத்துரை ஓடி அதன் அடியில் போய்க் கையை ஏந்தினான். கை பழக்கத்தில் தூக்கியது. வாயும் பழக்கத்தில் திறந்துகொண்டது.

“சுடலே!”

மலை மூன்று தடவை அதைத் திருப்பிச் சொன்னது. யாரும் எம்பவில்லை. பந்து சேற்றில் விழுந்து கிடந்தது. எதிர்ப்பக்கத்தில்கூட ஒருவனும் பாயிண்ட் கேட்கவில்லை.

களத்துக்குக் கீழே முதல் வீடுதான் சுடலையின் அம்மா குருவம்மாளுடையது. செருப்பில்லாமல், கையில் சோற்றுக் கரண்டியோடு அவள் பனிக்குள்ளிருந்து வந்து நின்றாள்.

“யாருலே என் பிள்ளையைக் கூப்பிட்டது?”

மிக்கேல்ராஜ் முன்னால் வந்தான். “நாந்தான், தெரியாம…”

“அவன் இல்ல, நாந்தான் அத்தே.” இரண்டு மாசம் கிடந்து துரு ஏறிய குரல். “அன்னைக்கும் நாந்தான் கூப்பிட்டேன். நான் மேல பாறை வழியாச் சுத்தி அக்கரைக்கு வந்துட்டேன். பலகை இல்லன்னு சொல்லத் தோணல. ‘வாலே’ன்னு மட்டும் கூப்பிட்டேன். அவன் குரலைப் பிடிச்சு நேர வந்தான்.”

ராமுத்தாய் ஓரத்திலிருந்து களத்துக்குள் இறங்கி வந்தாள். இதையா இத்தனை நாளும் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்?

குருவம்மாள் அவனையே பார்த்தாள். கரண்டி உயர்ந்தது. அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அதற்குக் காத்திருந்தான்.

“நான் தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் வரமாட்டான். நீ கூப்பிட்டா உடனே போயிருவான்” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வந்த வழியே இறங்கி நடந்தாள். பனிக்குள் போன பிறகு குரல் மட்டும் வந்தது. “ஏன்லே நிறுத்திட்டீக? ஆடுங்க. சத்தமில்லாம எனக்கு அங்க இருக்க முடியல.”

ஆடினார்கள். “மிக்கேலு!” என்று செல்லத்துரை அழுதுகொண்டே கூவினான். மிக்கேல்ராஜ் எம்பினான். அன்றைக்கும் தோற்றார்கள், பதினைந்துக்கு நாலு.

இருட்டும் முன் ராமுத்தாய் கயிற்றை அவிழ்க்கப் போனபோது, செல்லத்துரை அவளுக்கு முன்னால் அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“குடுலே இங்க.”

“நான் கொண்டாரேன்க்கா. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு, காயப் போடணும்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “நீ எதுக்கு இதத் தூக்கிட்டு அலையுதேன்னு எனக்குத் தெரியும்.”

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். “இப்பவும் அந்த நெனப்புதானாலே?” என்றாள்.

“இப்பத் தெரியல. நாளைக்கும் வாரேன்னு மிக்கேலுகிட்டச் சொல்லியிருக்கேன்.”

வீட்டுக்குள் இரண்டு ஆணிக்கும் நடுவே அவனே கொடியைக் கட்டினான். நனைந்த சட்டையை உதறிப் போட்டான். ராமுத்தாய் அடுப்போரம் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலப்பாறையில் புரட்டாசியில் ஒரு சட்டை காய நாலு நாள் ஆகும். சாயந்தரம் வலைக்குப் போன கயிறு ராத்திரி கொடிக்குத் திரும்பியது; நாலு நாளும் பார்த்தாள்.