பதினான்காவது நிறுத்தம்

ஒரு நகரத்தின் ஆன்மாவைக் காலால் மட்டுமே அறிய முடியும். மனித குலம் தன் கடந்த காலத்துக்குச் செலுத்தும் ஒரே நேர்மையான வணக்கம் நடைதான். கண்ணாடிக்கடைக்காரர் இதை அறிவித்தபோது, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, புதுச் செருப்பு கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதரான தையல்காரர். மற்றவன் கண்ணாடிக்கடைக்காரரின் மைத்துனன், மின்வாரியத்தில் லைன்மேன். வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று லைன்மேன் சொன்னதற்கு அவன் மாமா கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூற்றைம்பது வருடப் பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து அவரே வரைபடம் போட்டிருந்தார். இருபத்திரண்டு நிறுத்தங்கள், தெருக்களுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பெயர். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. மற்ற இருவரின் போனும் விடுதியிலேயே கிடக்க வேண்டும். அவசரத்துக்கு அவருடைய பட்டன் போன் போதும்.

தையல்காரருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "மெதுவா கூட்டிட்டுப் போங்கண்ணே, முடியலன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு" என்று அவர் மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"என் பொறுப்பும்மா" என்றிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர், மார்பில் கை வைத்து.

ஒன்பதாவது நிறுத்தம், கோபுரம் ஒன்று இடிந்துபோன இடம். இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் நின்றன. உச்சி வெயிலில் கண்ணாடிக்கடைக்காரர் அரை மணி நேரம் பேசினார்.

"மாமா, இங்க ஒண்ணுமே இல்லியே?"

"இல்லாததப் பாக்கத் தெரியணும்டா."

பன்னிரண்டாவதில் தையல்காரர் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டேய், என்னமோ பண்ணுது. போதும்டா."

"இன்னும் ரெண்டே தெரு. உன் வயசுல இந்த ஊர்த் தளபதி கோட்டைச் சுவரையே ஏறியிருக்கான்."

"அவனுக்கு அடைப்பு இல்லியேடா."

மூவரும் சிரித்தார்கள். தையல்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார்.

பதினான்காவது நிறுத்தம் ஒரு குறுகிய சந்து. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. எந்த வாசலில் எந்தத் துரோகி வெட்டுப்பட்டான் என்று கண்ணாடிக்கடைக்காரர் விரல் நீட்டி விவரிக்கும்போது, பின்னால் மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. தையல்காரர் குப்புறக் கிடந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் பட்டன் போனில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"எந்தத் தெருங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"குதிரை லாயத் தெரு."

"அப்படி ஒரு தெரு இல்லீங்களே. பக்கத்துல என்ன இருக்கு?"

"நாணயச்சாலை இருந்துச்சு."

"சார், இப்ப என்ன இருக்கு?"

அது அவருக்குத் தெரியவில்லை. லைன்மேன் தலைதெறிக்க ஓடினான். மூன்று தெரு தள்ளி ஒரு கடிகாரக்கடைக்காரரைப் பிடித்து இழுத்து வந்து, அவரையே போனில் பேச வைத்தான். ஆம்புலன்ஸ் வந்துசேர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. வந்தவர் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு மணி பார்த்தார்.

லைன்மேன் தரையில் உட்கார்ந்து அழுதான். மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஸ்ட்ரெச்சர் திருப்பணும். அந்தப் பைய எடுங்க சார்."

வரைபடம் வைத்திருந்த பையை, கைக்கு வசதியாகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தகட்டில் மாட்டியிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். அதை எடுத்தார். தகட்டில் தெருவின் இப்போதைய பெயர் எழுதியிருந்தது.