திறக்காத சாலை

முன்னால் நின்ற லாரி ஒரு முழம் நகர்ந்ததும் மாமா கியரைப் போட்டு அந்த ஒரு முழத்தையும் பிடித்துக்கொண்டார். விட்டால் பக்கத்து வேன்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, "வந்துட்டோம் டீச்சர், இதோ வந்துட்டோம்" என்றார். பத்தரை மணியிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது மணி பன்னிரண்டு.

பின்சீட்டில் தங்கையின் தோளில் சாய்ந்திருந்த அக்கா, "நீங்க எப்பவோ வந்துட்டீங்க. நாங்கதான் இன்னும் வரல" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தங்கை அவள் முதுகைத் தடவியபடி கைக்குட்டையை நீட்டினாள். துடைத்ததும் அக்கா பார்ப்பதற்குள் அதை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். இருபது பேர் அவள் சொல் கேட்டு நடப்பவர்கள். இந்த வண்டிக்குள் மட்டும் அவள் பாப்பா. அக்காவைக் கட்டிக்கொண்டு மாமா வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அன்றைக்குக் கூப்பிட்டதை அவர் இன்னும் மாற்றவில்லை. மாமா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். இதுவும் ஸ்கூல் வண்டிதான். கூரைமேல் சிவப்பு எழுத்தில் எல் போர்டு, முன்பக்கம் இடது சீட்டிலும் கற்றுக்கொடுப்பவருக்கென்று ஒரு கிளட்ச், ஒரு பிரேக். வண்டி ஓட்டுவதை அவர் கற்றுக்கொடுத்தார். சாலைக் குறிகளை அக்கா கற்றுக்கொடுத்தாள். அதனால் கட்டின மனைவியே அவருக்கு டீச்சர் ஆகிவிட்டாள்.

"முப்பத்தாறு வருஷமா ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக்குடுத்தேன் பாரு, அதான் தப்பு. அத்தனை பேரும் இன்னைக்கே கிளம்பி வந்திருக்கானுங்க" என்று மாமா ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

தங்கை சிரிக்கவில்லை. இந்த வழியைச் சொன்னது அவள்தான். ஏரிக்கரை ரோட்டில் போய்விடலாம், சுற்றுதான், ஆனால் வண்டி நிற்காது என்று மாமா காலையிலேயே சொன்னார். "அது குண்டும் குழியுமா கிடக்கு மாமா, அக்காவுக்குத் தாங்காது. வார நாள்ல நம்ம ரோட்டுல ரெண்டு மணி நேரம்தான். தினமும் போறவ சொல்றேன்ல" என்று அடித்துப் பேசினாள். பன்னிரண்டு வருஷமாக வேலைக்குப் போய் வருகிற சாலை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அது போடப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. பணி முடியும் நாள் என்று ஓர் அறிவிப்புப் பலகை; அதில் தேதியை மட்டும் மூன்று முறை அழித்து எழுதிவிட்டார்கள். எந்தப் பள்ளத்தில் பஸ் குலுங்கும், எந்தத் திருப்பத்தில் டிரைவர் திட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் கிளம்புகிற வாரம் இது என்பதை மறந்துபோனாள். இருந்த இரண்டு தடங்களில் ஒன்றை அவர்கள் நடப்பதற்காகக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். வலப்பக்கம், கான்கிரீட் தடுப்புகளுக்கு அந்தண்டை, புதுச்சாலை கறுப்பாக, ஒரு வண்டிகூட இல்லாமல் படுத்துக் கிடந்தது. இந்தப் பகுதியில் தார் போட்டு முடித்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் திறக்கவில்லை.

இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. "டியூப்பு கியூப்பு எதுவும் வேண்டாம் பாப்பா. நீ பக்கத்துல இரு, போதும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். பிறகு இந்த மலை ஆசை. அவள் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. "அந்த மலை ரோட்டுல எத்தனை வளைவு, எங்க ஹார்ன் அடிக்கணும்னு இத்தனை வருஷமா பாடம் நடத்தியாச்சு. நான் ஒரு தடவைகூட பாத்ததில்ல. கேட்டா சிரிப்பாங்க" என்றாள்.

ஜன்னல் கண்ணாடியில் யாரோ சாய்ந்தார்கள். நடந்து போகிற கூட்டத்திலிருந்து ஒரு பெண், ஒரு கையில் துணிமூட்டை, மறு கையில் வார் அறுந்த செருப்பு. தார் சுட்டதில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடிய இறக்கு பாப்பா" என்றாள் அக்கா.

"மன்னிச்சுக்கங்கம்மா, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறேன்."

"எவ்ளோ தூரம் நடக்கறீங்க?"

"மூணு நாளா."

அக்கா குனிய முயன்றாள், முடியவில்லை. "என் செருப்ப எடுத்துக் குடு" என்றாள் தங்கையிடம். தங்கை தயங்கியதைப் பார்த்து, "குடுடி. நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போறேன்?"

அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள். "அளவெடுத்த மாதிரி இருக்கே! உங்க பேரச் சொல்லுங்க, மேல போய் வேண்டிக்கறேன்."

"பேரெல்லாம் எதுக்கு? எல் போர்டு வண்டின்னு சொல்லுங்க, சாமி புரிஞ்சுக்கும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். நான்கு வண்டி தாண்டி, பத்து வண்டி தாண்டி, பிறகு அவள் தலை தெரியவில்லை. "பாருங்க, என் செருப்பு உங்களை முந்திட்டுப் போகுது" என்றாள் அக்கா. மாமா தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. இரண்டு மிடறு தண்ணீர் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மலை தெரியுதா?" என்றாள்.

தங்கை கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "ஒரே தூசியா இருக்குக்கா. தெரியல."

"சரி" என்றாள் அக்கா.

தெரியுது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியபோது அக்காவின் மூச்சு மாறியிருந்தது. எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மூச்சு அது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அவள் அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். ஒரு மூச்சு வெளியே போனது. அவள் காத்திருந்தாள். லாரி ஒரு முழம் நகர்ந்தது. மாமா அதைப் பிடித்தார்.

"வந்துட்டோம் டீச்சர்."

பன்னிரண்டு ஐம்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்ததற்காக அவளுக்கு உடனே வெட்கமாக இருந்தது. வார்டில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது? சரிவில் வண்டி நிற்கிறது. பின்னால் இன்னொரு லாரி பம்பரை முத்தமிடுகிற தூரத்தில். சொன்னால் அவர் என்ன செய்வார்? பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால்? அவர் பாட்டுக்கு அரசாங்கத்தைத் திட்டினார், வேன்காரனைத் திட்டினார், மேலே போனதும் முதலில் நிழலாக ஓர் இடம் பார்த்து டீச்சரைப் படுக்க வைக்க வேண்டும் என்றார். தங்கை 'உம்' கொட்டினாள். கால் மணி நேரம் 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு துப்பட்டாவை மடித்து அக்காவின் கழுத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்தாள். பெல்ட்டை இழுத்து அவளுக்கு மாட்டினாள்.

"அக்கா கண்ண மூடியிருக்கா மாமா. நான் முன்னால போய் என்னன்னு பாத்துட்டு வரேன்."

"ஏசி ஜாஸ்தியா இருக்கோ? குறைக்கட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

வெயில் அறைந்தது. வண்டிகளுக்கு நடுவே ஓடினாள். ஆபீஸ் பஸ் ஒன்றில் டை கட்டிய ஒருவர் மடியில் கம்ப்யூட்டரை வைத்து யாரிடமோ, "அஞ்சு நிமிஷத்துல இருப்பேன் சார்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் காரின் மூக்கின்மேல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்து நின்றபடியே சாப்பிட்டார். நூறு கஜம் தள்ளி, கான்கிரீட் தடுப்புகளுக்கு நடுவே, வேலை லாரிகள் போய்வர ஒரு வழி இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களால் அதை அடைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பெண் ஒருத்தி ஒரு கையில் சிவப்புக் கொடியும் மறு கையில் பச்சைக் கொடியுமாக நின்றிருந்தாள்.

"இதத் திறந்து ஒரே ஒரு வண்டிய விடணும். அவசரம்."

கொடிக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையிலேருந்து அம்பது பேர் கேட்டாச்சும்மா. எல்லாருக்கும் அவசரம்தான். சூப்பர்வைசர் சொல்லணும்."

"வண்டியில என் அக்கா இறந்துட்டாங்க."

தன் குரலில் அதைத் தங்கை கேட்டது அப்போதுதான். பீப்பாயைப் பிடித்துக்கொண்டாள். கொடிக்காரி இரண்டு கொடிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முழங்கையைத் தாங்கினாள்.

"எந்த வண்டி?"

"எல் போர்டு போட்டது. அங்க, லாரிக்குப் பின்னால."

"மேல போக முடியாது. பாலம் பாதியில நிக்குது. கீழ போனா ஊர் வரைக்கும் நேரா போயிடலாம். ஓரமா ஒட்டிக் கொண்டு வரச் சொல்லுங்க." பீப்பாயை உருட்டத் தொடங்கியவள் நிமிர்ந்தாள். "சூப்பர்வைசர் கேட்டா தண்ணி லாரி போச்சுன்னு சொல்லிக்கறேன்."

தங்கை திரும்பி வந்து முன்பக்கக் கதவைத் திறந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க ஏன் உக்கார்ற? அவ தலை சாஞ்சுடும்."

"சாயாது மாமா."

மாமா பின்னால் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற அதே இடத்தில் இருந்தன.

"எப்போ?"

"பன்னிரண்டு அம்பதுக்கு."

"அதுக்கப்புறமும் நான் பேசிட்டே இருந்தேனே பாப்பா."

முன்னால் நின்ற லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. ஒரு முழம் இல்லை, ஐந்து வண்டி நீளம். காலையிலிருந்து அவ்வளவு தூரம் எதுவும் நகர்ந்ததில்லை. பின்னால் ஹார்ன்கள் அலறின. மாமா அசையவில்லை. பக்கத்து வேன்காரன் மூக்கை நுழைத்தான். மாமா விட்டார். அவனுக்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு மினி பஸ். எல்லோரையும் விட்டார்.

"ஒன்பது கிலோமீட்டர்தானே? கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடலாம். கேட்டாளே."

"புதுச்சாலையில பாலம் முடியல மாமா. இந்தப் பக்கமாப் போனா சாயந்திரம் ஆயிடும். அக்காவ இந்த வெயில்ல..." அவள் வலப்பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பக்கம் வழி திறந்து விடறாங்க. வீட்டுக்குப் போலாம் மாமா."

மாமா தலையாட்டினார். கிளட்ச்சை மிதிக்கப் போனார். இடது கால் வெடவெடவென்று ஆடியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி சாவியைத் திருகினார், மறுபடி அணைந்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் வண்டி இப்படி அணைந்து அவள் பார்த்ததில்லை.

"கால எடுங்க மாமா. கிளட்ச் என்கிட்ட இருக்கு."

அவர் காலை எடுத்தார். அவள் தன் பக்கத்துக் கிளட்ச்சை முழுக்க மிதித்தாள். அவர் கியர் போட்டார்.

"மெதுவா விடு" என்றார். "பாதி வரைக்கும்... அங்க நிறுத்து. இப்ப விடு."

ஓரமாக ஊர்ந்து போனார்கள். கொடிக்காரி பீப்பாயை உருட்டி வழிவிட்டாள். பின்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவர்கள் புகுந்ததைப் பார்த்ததும் நாலா பக்கமும் கூச்சல். "நாங்கல்லாம் மனுஷங்களா தெரியலையா?" "பெரிய எடத்து ஆளு போல!" விற்பனைப் பிரதிநிதி பாதிச் சாப்பாட்டில் கையை நீட்டித் திட்டினார். பின்னாலேயே நுழையப் பார்த்த ஒரு காரின் முன்னால் கொடிக்காரி போய் நின்று சிவப்புக் கொடியை விரித்தாள்.

புதுச்சாலையில் கோடுகூட இன்னும் போடவில்லை. வண்டி சத்தமே இல்லாமல் போனது. ஒரு குலுக்கல் இல்லை. மாமா நாற்பதைத் தாண்டவில்லை. தடுப்புக்கு அந்தண்டை, காலையில் அங்குலம் அங்குலமாகக் கடந்த டீக்கடை, மதகு, பெட்ரோல் பங்க் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. அவற்றின் எதிரே நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி இவர்களைப் பார்த்தார்கள். இரண்டரை மணி நேரம் ஊர்ந்த தூரம் எட்டே நிமிஷத்தில் முடிந்தது.

புதுச்சாலை பழைய சாலையில் சேருகிற இடம் வந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. மாமா கண்ணாடியைப் பார்த்தார். பிறகு இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். வேகத்தைக் குறைத்துத் திரும்பி, ஸ்டீயரிங்கை நேராக்கினார்.

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அணைக்கவில்லை. தங்கையும் கை நீட்டவில்லை.