மீசையா, மூச்சா

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலூன் நாற்காலியில் கிடைத்தது. சவரக்கத்தி என் தொண்டையில் இருந்தது. அதைப் பிடித்திருந்தவர் நின்றபடியே தூங்கிவிட்டார். நான் எச்சில்கூட விழுங்கவில்லை. எதிர்க் கண்ணாடியில் அவருடைய மீசை மட்டும் விழித்திருந்தது.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் மிகைதான். இருந்தாலும் அதை அடித்து நீக்க மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது.)

தெருவில் எல்லாருக்கும் அவர் மீசைக்காரர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது; மீசையைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தவர், "மன்னிச்சுக்குங்க சார், இப்பல்லாம் கண்ணு தானா சொருகுது" என்றார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று கத்தி வழுக்கியது. வெள்ளைத் துணியில் ஒரு

வேண்டாம். ரத்தத்தைக் காட்டி வாசகரைப் பிடித்து உட்கார வைக்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த தொடக்கம்: "அவருடைய மனைவி கண்ணீர் மல்க

இதுவும் வேண்டாம். அந்த அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவர். ஊரே திட்டினாலும் ரயில் தாமதம் என்பதை அசராமல் சொல்கிறவர் கண்ணீர் மல்குவாரா? அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"குறட்டைய நான் பொறுத்துக்குவேன் சார். நடுவுல திடீர்னு நின்னுடுது பாருங்க, அதான் பயம். நெஞ்சு தவிக்குது, காத்து உள்ள போகல. விலாவுல ஒரு இடி விடுவேன். அப்பத்தான் அலறிக்கிட்டு மூச்ச இழுப்பாரு. காலையில கேட்டா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்ம்பாரு. இவரு தூங்கலைன்னு எனக்குத்தானே தெரியும்!"

3

அந்த அம்மாதான் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ஒரு ராத்திரி தூங்கவைத்துச் சோதித்தார்கள். (டாக்டர் நிறையப் பேசினார். பாதியை வெட்டிவிட்டேன்.)

"தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, காத்து போற வழிய அடைச்சுடுது. மூளை பதறிப்போய் உங்கள எழுப்புது. ராத்திரி முழுக்க இதே கூத்துதான், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதான் பகல்ல சொருகுது. இப்படியே விட்டா இதயம் தாங்காது."

மருந்தாகக் கொடுத்தது ஒரு சின்ன இயந்திரம். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி, அந்த வழி மூடாமல் பார்த்துக்கொள்ளும். மீசைக்காரர் பவ்யமாகத் தலையாட்டினார், முகமூடியை மாட்டிப் பார்க்கும்வரை. மீசைக்கடியில் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. மூக்கோடு நிற்கும் சின்ன முகமூடியும் சரிப்படவில்லை. அவர் வாயால் மூச்சு விடுகிற ஆள்.

"மீசைய எடுத்துட்டா நல்லா ஒட்டும்."

"உயிர வேணா எடுத்துக்குங்க டாக்டர்!"

"அதத்தான் இந்த நோவு தினமும் எடுக்குது," என்றார் மனைவி.

(சிறுகுறிப்பு: குறட்டை விடுகிற எல்லாருக்கும் இந்த நோய் இல்லை. நடுவில் மூச்சும் நின்று, பகலில் தூக்கமும் தள்ளினால் டாக்டரைப் பாருங்கள். கதைக்காரன் பேச்சுதானே என்று விட்டுவிடாதீர்கள்.)

4

இயந்திரம் பைக்குள்ளேயே கிடந்தது. மயிருக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பாரா? "பாத்திரம் நம்பும்படி இல்லை" என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு, வழுக்கையை மறைக்க வீட்டுக்குள்ளும் தொப்பி போடுகிறவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. குறிப்பை அடித்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது இது. ஒரு நாள் காலை, தபால்காரர் சவரத்துக்கு வந்தார். சோப்பு நுரை பட்டதும் வழக்கம்போல அயர்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் எல்லாருமே அப்படித்தான், கழுத்தை நீட்டிக்கொண்டு பச்சைப் பிள்ளைகளாகத் தூங்குவார்கள். ஒரு கன்னம் முடிந்தது. கத்தி கழுத்துக்கு இறங்கும்போது மீசைக்காரருக்குக் கண் சொருகியது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தபால்காரரின் தோளை உலுக்கினார்.

"அண்ணே, எழுந்திருங்க. மீதிய வேற கடையில பாத்துக்குங்க."

"பாதி மூஞ்சியோட எப்படிய்யா தெருவுல போறது?"

"உசிரோட போறீங்கல்ல, போங்க."

தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனதும், மீசைக்காரர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து தன் மீசைக்கு நுரை போட்டார். சாயங்காலம் வந்து பார்த்த மனைவி, "உங்களுக்கு மேலுதடுன்னு ஒண்ணு இருக்கா!" என்று மட்டும் கேட்டார்.

5

இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில், மீசை போனதும் கடை படுத்துவிடுகிறது. (பொய். வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. இப்போது அவர் இரவில் முகமூடி மாட்டித் தூங்கி, பகலில் முழு விழிப்போடு சவரம் செய்கிறார். வாய்தான் ஓயமாட்டேன் என்கிறது.) இன்னொன்றில், அவர் இயந்திரத்தை எடுக்காமல் வெளியூர் போகிறார், அங்கே

நிறுத்திவிட்டேன். காரணம் அந்த அம்மா. "கதையில இவருக்கு என்ன ஆகுது சார்?" என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன், கொஞ்சம் மிடுக்காகத்தான்.

"நீங்க யாரு சார் முடிவு பண்ண?" ரயில்களுக்கு அசராத குரல் உடைந்துபோனது. "இதுதான் கடைசி மூச்சா, இதுதான் கடைசி மூச்சான்னு இத்தன வருஷம் பக்கத்துல படுத்துக் கெடந்தவ நான். முடிவே எழுதாதீங்க."

எழுதவில்லை. முடிவு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். குறட்டை நின்றதும் அப்பாடா என்று எழுந்து வந்துவிடாதீர்கள். அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.