பை பிரிக்கிற நாள்

டிராக்டர் சத்தம் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்த புருஷனின் போர்வையை ஒரு தரம் இழுத்துச் சரிசெய்தாள். பின்கதவு வழியாக இறங்கிப் போனாள்.

காளான் கொட்டகைக்குப் பக்கத்தில் கொழுந்தன் வண்டியை நிறுத்தியிருந்தான். காளான் வளர்த்துக் காய்ப்பு ஓய்ந்த வைக்கோல் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தான்.

“என்ன தம்பி இது?”

“நாலு பேர் வந்து போற எடம் அண்ணி. ஈ மொய்க்குது, வாடை வேற. ஒரே நடையில பள்ளத்துல கொட்டிட்டு வந்துடுறேன். நீங்க ஏன் இங்க வந்தீங்க? இது உங்க நெஞ்சுக்கு ஆகாதுல்ல?”

ஆகாதுதான். காளான் விரிந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூள் பறக்கும். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாகக் கொட்டகைக்குள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு ஆரம்பித்த இருமல் வாரக்கணக்கில் ஓயவில்லை. வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்குக் கொட்டகை, அவளுக்குத் தக்காளித் தோட்டம். நடுவில் ஒரு வேலி.

வேலை முடிந்தால் வெளிக்குழாயிலேயே தலைமுழுகி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சோப்பு வாசனைதான். அறுப்புக் காலத்தில் கொட்டகைத் திண்டிலேயே படுத்துக்கொள்வார். ஜன்னல் வழியாக அவர் டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போவதைப் பார்த்தபடி இவள் படுத்திருப்பாள். ஒரே வீடு, ஒரே கிணறு. இருந்தும் பாதி நாள் வெளியூர்க்காரனைக் கட்டிக்கொண்ட மாதிரி.

காளான் குடை மாதிரி விரிவதால் தெருவில் அவரைக் குடைக்காரர் என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒருத்தர் அதை நம்பிக் கம்பி ஒடிந்த குடையைக் கொண்டுவந்து நீட்டினார். இவரும் மூச்சுவிடாமல் வாங்கி, கம்பி கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

“இறக்குங்க தம்பி.”

“குப்பைக்கு இன்னைக்கு என்ன அண்ணி அவசரம்?”

“நீங்கதான அவசரமா ஏத்துறீங்க?”

சத்தம் கேட்டு நாத்தனார் வந்துவிட்டாள். “என்னடி இது? அவன் அங்க கெடக்கான், நீ குப்பைக்குப் பஞ்சாயத்து பண்ணிட்டிருக்க? வர்றவங்க என்ன நெனப்பாங்க?”

“நெனச்சுட்டுப் போறாங்கக்கா. நாளைக்கிப் பிரிச்சுப் போட்டுர்றேன்னு நேத்துச் சொன்னாரு. அந்த நாளைக்கி இன்னைக்கித்தான்.”

நேற்று மதியம் வேலியோரம் நின்று சொன்னதுதான். பொழுது சாயுமுன் கொட்டகையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன்னே மூச்சு அடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேர்ந்ததும் சாயங்காலம் அடக்கம்.

நாத்தனார் தலையிலடித்துக்கொண்டாள். “அப்படி என்னதான்டி இருக்கு அந்த மக்குன வைக்கல்ல?”

அக்காளுக்கு எப்படிச் சொல்ல? ஒரு காலத்தில் தோட்டத்துத் தக்காளி வெயில் ஏற ஏறத் துவண்டுவிழும், சாயங்காலம் நிமிரும், ஒருநாள் நிமிராமலே போகும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணி கோத்த மாதிரி முடிச்சு. மண்ணுக்குள் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத பயல் குடும்பத்தையே ஆட்டிவைத்தான். என்னென்னவோ மருந்து ஊற்றினாள், அடங்கவில்லை. பழைய பைகளை அவர் வீசியெறிந்த மூலையில் மட்டும் செடி கம்பீரமாக நின்றது. வேர் வழவழவென்று இருந்தது.

மறு பட்டத்தில் தோட்டம் முழுக்கப் போட்டு அன்றைக்கே நட்டார்கள். நாற்று அத்தனையும் மஞ்சளடித்துச் செத்தது. கழிவு மண்ணோடு கலந்து சூடு தணிந்த பிறகுதான் நட வேண்டும், ஆனால் பையைப் பிரிக்கும்போது உள்ளே காளானின் வெள்ளை நூல் உயிரோடு இருக்க வேண்டும். இந்தப் பதம் பிடிபட ரெண்டு பேருக்கும் வெகுகாலம் ஆனது.

“காளான் கறி திங்கும்டி,” என்பார். “வைக்கல்ல சத்துப் பத்தலேன்னா புழுவப் பிடிச்சுத் தின்னுரும்.”

“அதுக்குப் புழு, எனக்குத் தக்காளி. உங்களுக்கு?”

“நீ செடியப் பிடுங்கி வேரத் தூக்கிக் காட்டுவியே, அப்ப உன் மூஞ்சி. அது போதும்.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்துதான் சொல்வார். பை பிரிக்கிற அன்றைக்கு அவளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். எல்லாவற்றையும் அவரே பிரித்து, உதிர்த்து, மண்ணில் கொத்தி மூடிய பிறகுதான் கூப்பிடுவார்.

“பள்ளத்துல கொட்டுறதத் தோட்டத்துல கொட்டுங்க தம்பி. நான் பிரிச்சுக்கிறேன்.”

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான்.

“இருமி இருமிச் சாகப் போறியா?” என்றாள் நாத்தனார். ஆனாலும் உள்ளே போய் ஒரு துண்டை நனைத்துக் கொண்டுவந்து, மூக்கும் வாயும் மறையக் கட்டிவிட்டாள். “முடிச்சுட்டு வந்து அழுதிரு, என்ன. மனசுல வச்சுக்காத.”

பாத்தியோரம் குந்தி, முதல் பையின் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கட்டி. பக்கமெல்லாம் வழவழப்பு, அடிப்பக்கம் தட்டை. மேல்பக்கம் திருப்பியவள் அப்படியே நிறுத்தினாள்.

நாலு குழி. பக்கத்தில் பக்கத்தில், நாலு விரல் முட்டி.

பையின் வாயைக் கட்டுவதற்கு முன் வைக்கோலை அவர் முட்டியால் இறுக்கமாக அமுக்கியிருக்கிறார். அமுக்கியபடியே காளான் நூலோடி, பூத்து, அந்த அச்சு அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பையைக் கிழித்தாள். அதிலும். இன்னொன்றில் குழி ஆழமாக இருந்தது. அன்றைக்கு என்ன கோபமோ.

உடைத்தே கொடுத்ததால் இத்தனை வருஷமும் ஒன்றைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை.

“உடைச்சுப் போட்டுறவா அண்ணி?” கொழுந்தன் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

“இருங்க.”

விரல்களை மடக்கி, தன் முட்டியை அந்தக் குழிகளில் வைத்தாள். சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. உள்ளே லேசாக ஈரம். வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மகள் வந்த கார் போலிருக்கிறது.

அவர் அமுக்கிய இடத்திலேயே உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அமுக்கினாள். கட்டி ரெண்டாகப் பிளந்தது. நடுவில் இன்னும் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. அதை உதிர்த்து மண்ணில் பரப்பினாள்.

அடுத்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.