ரன்வாவின் கையுறை

ரன்வாவின் வலது கையில் கம்பளி உறை மாட்டிய செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தீவூரான ஹாம்ராவீக்கில் எல்லோருக்கும் வலது கை வேலை செய்யாமல் போனது. வலி எதுவும் இல்லை. விரல்கள் இருந்த இடத்தில் இருந்தன, சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கடைக்கார ஹானுஸ் உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். கை தராசின் மேலேயே படுத்துக்கொண்டதால், வாங்க வந்தவளுக்கு எடை குறைந்துவிட்டது. மீன் தொழிற்சாலையில் கத்திகளெல்லாம் ஒரே சமயத்தில் மேசையில் விழுந்தன. பாதிரியார் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டு, திட்டலாமா கூடாதா என்று யோசித்து, கூடாது என்று முடிவு செய்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கைகள் திரும்பி வந்தன. வடக்குக் காற்றின் வேலை என்று பேசிக்கொண்டோம். புதன்கிழமையும் அதே நேரத்துக்கு அப்படியே நடந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.

ரன்வாவுக்கு அப்போது ஆறு வயது. பிறப்பதற்கு முன்பே மூளையின் வலப்பக்கத்தில் ஓரிடத்துக்கு ரத்தம் போகாமல் காயப்பட்டதால் வந்த பெருமூளை வாதம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். இடது கால் நுனிவிரலில் நடக்கும். இடது கை முழங்கையில் மடங்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். தசையை இளக்க ஊசி போட்டார்கள், காலுக்கு அளவெடுத்துத் தாங்குபட்டை செய்து மாட்டினார்கள், வெந்நீர்க் குளத்தில் நீந்த விட்டார்கள், தினமும் நீட்டிவிட்டார்கள். கால் ஓரளவு கேட்டது, கை கேட்கவில்லை. தலைநகரிலிருந்து படகேறி வரும் இயன்முறை சிகிச்சையாளர் சுன்னிவா ஒருநாள் ரன்வாவின் அம்மா மார்யுனின் சமையலறையில் உட்கார்ந்து, ருபார்ப் தண்டு ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"கை கெட்டுப்போகல, மார்யுன். அதுக்கு வாய்ப்பே வரல. இடது கை வாயைத் திறக்கறதுக்குள்ள வலது கை பதில் சொல்லிடுது. தினம் ரெண்டு மணி நேரம் வலது கையைச் சும்மா இருக்கச் சொல்லுவோம். ஒரு உறை பின்னுங்க, கட்டைவிரல் இல்லாம."

"அழுவாளே."

"விளையாட்டாத்தான் செய்யணும். அழுதா கழட்டிடுவோம். மொதல்ல அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க. நமக்கு வேணுங்கறதுக்கெல்லாம் அந்தக் கை அசையாது."

கேட்டார்கள். அவள் ஆட்டத்தைச் சொன்னாள். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வாத்தியம் கிடையாது. எல்லோரும் கை கோத்து வட்டமாக நின்று, பாட்டைப் பாடி, காலாலேயே தாளம் போடுவோம். போன குளிர்காலத்தில் ரன்வாவின் இடப்பக்கம் நின்றவர் மார்யுனின் அண்ணன் எய்தூன். மூடிய கையைக் கோக்க முடியாமல் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் குழந்தை அதை மறக்கவில்லை.

"எய்தூன் மாமா என்னைப் பிடிச்சாரு. நான் அவரைப் பிடிக்கல. நான் பிடிக்கணும்."

"பிடிக்கிறது வந்துரும்டா," என்றாள் சுன்னிவா. "விடறதுதான் கஷ்டம். இந்த மாதிரிக் கைக்கு அதுதான் கடைசிப் பாடம்."

"விடறதைப் பத்தி நான் கேக்கவே இல்லையே," என்றாள் ரன்வா.

மார்யுன் சாயம் போடாத பழுப்புக் கம்பளியில் உறை பின்னினாள். அதை மாட்டிய நாளில்தான் மேலே சொன்னது நடந்தது. வெள்ளிக்கிழமை, விளையாட்டின் நடுவில் குழந்தை ஒன்றுக்குப் போக உறையைக் கழற்றியதும் ஊரில் கைகள் வந்தன, மாட்டியதும் போயின. மார்யுன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே கடை வைத்திருந்த ஹானுஸ் அதைப் பார்த்துவிட்டார். மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நாளைக்கு என்றுதான் கேட்டார்கள். குளிர்காலம் முழுக்க என்று மார்யுன் சொன்னாள்.

அக்டோபர் நெருங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஆடுகளை இறக்கி அறுக்கிற மாதம் அது. எங்களுக்குக் கை அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். ஹானுஸ் ஊராட்சித் தலைவருமாக இருந்ததால், நாங்கள் ஆட்டம் ஆடும் கூடத்தில் கூட்டம் போட்டார். ஆட்டு வேலைக்கெல்லாம் மேற்பார்வை எய்தூன்தான் என்பதால் அவரே முதலில் எழுந்தார்.

"மார்யுன், என் மருமக கை நல்லாகணும்னு எனக்கு ஆசை இல்லையா? அறுப்பு முடியட்டும்னுதான் சொல்றேன். இடது கையில கத்தி பிடிச்சா, ஆடு எது நான் எதுன்னு எனக்கே தெரியாது."

"இப்ப மட்டும் தெரியுதாண்ணா?" என்றாள் மார்யுன்.

கூடம் சிரித்தது. எய்தூனும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. சுன்னிவா அவருக்குப் பதில் சொன்னாள்: "அறுப்பு முடிஞ்சா மீன் வந்துரும்பீங்க. மீன் முடிஞ்சா கிறிஸ்துமஸ். நீங்க ஓயறதுக்குள்ள குழந்தை வளர்ந்துருவா. இப்பத்தான் அந்தக் கை லேசா முழிச்சிருக்கு. இப்ப விட்டா திரும்பத் தூங்கிடும்."

ஹானுஸ் வாக்கெடுப்பு வைத்தார். சிகிச்சையைத் தள்ளிப் போடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கூடத்தில் பாதிக்கு மேல் தூக்கினோம். முன்வரிசையில் ரன்வா உட்கார்ந்திருந்தாள், மடியில் உறை கிடந்தது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சோடு ஒட்டியிருந்த இடது கை, வண்டியிலிருந்து கனமான மூட்டையை இறக்குவதுபோல் மெல்ல மடிக்கு இறங்கியது. கட்டைவிரல் உள்ளேயிருந்து வெளியே வந்தது. உறையின் ஓரத்தைப் பிடித்தது, தவறவிட்டது, மறுபடி பிடித்தது. வலது கையின் மேல் மணிக்கட்டு வரை இழுத்து மாட்டியது.

தூக்கிய கைகளெல்லாம் பொத்தென்று விழுந்தன. ஒன்று பாதிரியாரின் தலையில் விழுந்தது.

"தள்ளிப் போடணுங்கறவங்க," என்று எண்ண ஆரம்பித்த ஹானுஸ் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரும் இல்ல போலிருக்கே."

எய்தூன் விடாமல் இடது கையைத் தூக்கினார். "இது கணக்குல வருமா?"

"வரும், எய்தூன். ஆனா உறையை மாட்டினது யாருன்னு பாத்தீங்களா?" என்றாள் சுன்னிவா.

எய்தூன் பார்த்தார். மருமகளின் இடது கட்டைவிரலை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தூக்கிய கையை மெதுவாக இறக்கி, உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். "இடது கையில அறுக்கணும்னா இன்னிக்கே பழக ஆரம்பிக்கணும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வருஷம் தொத்திறைச்சியெல்லாம் கோணலாகக் கட்டப்பட்டது, ருசியில் குறை இல்லை. ஹானுஸின் கையெழுத்து முதல் வகுப்புப் பையனுடையது மாதிரி ஆனது. பாதிரியார் இடது கையால் ஆசீர்வதித்தார், பலித்தது. பெண்கள் எதிர்ப்பக்கமிருந்து பின்னிய ஸ்வெட்டர்களில் பூக்கள் தலைகீழாக வந்தன, வெளியூர்க்காரர்கள் அதற்கு அதிக விலை கொடுத்தார்கள். குளிர்காலத்தின் பாதியில் சுன்னிவா உறையைக் கழற்றச் சொன்னாள். இனி இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்றாள். ரன்வா ஜாடி மூடி திறந்தாள், உருளைக்கிழங்கு உரித்தாள், கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றினாள். அந்த வாரங்களில் எங்களால் எதையும் ஒற்றைக் கையால் எடுக்க முடியவில்லை. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தோம். துறைமுகத்தில் சண்டைக்குப் போன இருவர், ஒரு கையால் பிடித்து மறு கையால் குத்த முடியாமல், ஒருவரையொருவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார்கள். அதையும் பெரிதாகப் பேசவில்லை.

தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு, மதியத்துக்கு மேல், ஆட்டம் தொடங்கியது. ரன்வாவின் இடப்பக்கம் எய்தூன் நின்றார். பழக்கத்தில் சட்டைக் கையை நோக்கிப் போன தன் கையைப் பாதியில் நிறுத்தி, விரித்து, அப்படியே காத்திருந்தார். பாட்டின் முதல் அடி முடிந்தது. அவள் கை வரவில்லை. இரண்டாம் அடியும் முடிந்தது. மூன்றாவதில் கட்டைவிரல் வெளியே வந்தது, பிறகு மற்ற விரல்களும் வந்தன. அவள் பிடித்தாள்.

"வலிக்குதா மாமா?"

"கொஞ்சம்."

"நல்லா பிடிச்சிருக்கேனா?"

"அறுப்புக்கு உன்னைத்தான் கூப்பிடணும்."

பாட்டு முடிந்தபோது எவர் கையும் பிரியவில்லை. ரன்வாவின் கை எய்தூனின் கையை விடவில்லை, அவருடையது அடுத்தவளை, அவளுடையது அதற்கடுத்தவரை. எய்தூன் அசைத்துப் பார்த்தார், அது இன்னும் இறுகியது. யாரோ அவள் விரல்களைப் பிரிக்கலாம் என்றார்கள். வட்டத்துக்கு வெளியே நின்ற ஒரே ஆள் சுன்னிவா. "யாரும் தொடாதீங்க. இழுத்தா இறுகும். அவளே விடட்டும்," என்றாள். கூடத்தில் புழுக்கமாக இருந்ததால் வட்டமாகவே வெளியே வந்தோம். மழையில் ஹானுஸின் கடையைத் தாண்டி, தேவாலயத்தைச் சுற்றி, துறைமுகம் வரைக்கும் ஆடிக்கொண்டே போனோம். ஆடுகள் வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தன. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, முதலிலிருந்து மறுபடி பாடினோம்.

படகுத்துறையில் ரன்வா நின்றாள். வட்டமும் நின்றது. அவள் கண்ணை மூடவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. தோளைத் தளர விட்டு, மூச்சை விட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் எழுந்தது, பிறகு அதன் பக்கத்து விரல். கடைசியாகக் கட்டைவிரலும் தன் பாட்டுக்கு விலகிக்கொண்டது. வட்டம் முழுக்க, கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"விட்டுட்டேன்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "இன்னொரு தடவை," என்றாள்.

ரன்வாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. கால் இன்னும் தாங்குபட்டையோடுதான் நடக்கிறது, இடது கை எப்போதும் வலதுக்கு ஒரு நொடி பிந்தித்தான் வரும். வலது கை யாருக்கும் போவதில்லை. ஆனால் ஆட்டத்தில் மட்டும் அவள் விடும்வரை யார் கையும் பிரிவதில்லை. இப்போதெல்லாம் அவள் நினைத்தால் நினைத்த நேரத்தில் விட்டுவிடுவாள். நன்றாகப் பாடுகிறோம் என்று தோன்றினால் விடமாட்டாள். அதனால் எங்கள் ஊரில் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டு, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்கள்.