நாற்பத்தொரு கையெழுத்து

1

இந்தக் கதையை நான் எழுதக் காரணம் குற்ற உணர்ச்சிதான். ஜார்ஜிய மலைக்கிராமமான எங்கள் ஸேமோகேவியில் அணை கட்டக் கடன் தரவிருந்த ஒரு வளர்ச்சி வங்கி, ஊர்மக்களைச் சந்திக்க வந்தது. அன்று இரு தரப்புக்கும் மொழிபெயர்த்தவன் நான். வங்கி எனக்குக் கூலி கொடுத்தது. நான் வங்கிக்கு நோகாத சொற்களைக் கொடுத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மேகங்கள் மலையைத் தழுவிய அந்தக் காலையில், ஆறு தன் சோகத்தை…'

விடுங்கள். அன்று மேகமே இல்லை.

2

எதேரியிடமிருந்து தொடங்குவதே நியாயம். ஐம்பத்தெட்டு வயது, ஊரின் கால்நடை மருத்துவர். வங்கி தன் இணையதளத்தில் அணை அறிக்கையை வெளியிட்டிருந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். அதை எங்கள் மொழியில் தரச்சொல்லி எதேரி ஆறு கடிதம் எழுதினார். ஆறுக்கும் ஒரே பதில்: 'தங்கள் கருத்துக்கு நன்றி.' பிறகு அகராதியை வைத்துக்கொண்டு அவரே படிக்க உட்கார்ந்தார். ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தார்.

(இங்கே அவரைப் புனிதராக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் முன்கோபி, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். இருக்கட்டும்.)

3

கூட்டம் பள்ளிக்கூடத்தில். வங்கியின் சார்பில் இங்கா என்ற அதிகாரி வந்திருந்தார். அவ்தாந்தில் என்ற விவசாயி எழுந்தார்.

"அணையைக் கட்டி ஆத்தைத் தூக்கிக் குழாய்க்குள்ள போட்டுட்டா, எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டாம உங்க அறிக்கையையா காட்டுறது?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நீர் குறித்து இவருக்குச் சில ஐயங்கள் உள்ளன."

எதேரி எழுந்தார். அவர் கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்த அறிக்கையின் ஆங்கிலம். அதிலேயே இங்காவிடம் பேசினார்: "மேற்கண்ட மொழிபெயர்ப்பில் முக்கிய விடுபடல்கள் கண்டறியப்பட்டுள்ளன. உடனடித் தணிப்பு நடவடிக்கை தேவை."

பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் மொழியில்: "தம்பி, அவரு சொன்னதை அப்படியே சொல்லு. நீ ஒண்ணும் உப்பு காரம் குறைக்க வேணாம்."

காது சுட்டது. மாட்டையும் குழாயையும் உள்ளபடி சொன்னேன். இங்கா அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

4

எதேரி நூற்று எண்பத்தேழாம் பக்கத்தை விரித்தார். கலந்தாய்வுக்கு வந்து அணைக்குச் சம்மதித்ததாக நாற்பத்தொரு பேரின் கையெழுத்து அதில் இருந்தது.

"இந்தக் கூட்டம் எப்ப நடந்துச்சு? யாராவது போனீங்களா?" என்று ஊரைக் கேட்டார். ஒருவரும் போகவில்லை.

பையிலிருந்து தன் பதிவேட்டை எடுத்து அருகில் வைத்தார். அதே நாற்பத்தொரு பேர், அதே வரிசை. ஓரத்தில் சிந்திய அயோடின் கறைகூட அதே இடத்தில். தலைப்பு மட்டும் வேறு: 'கோமாரித் தடுப்பூசி போட்ட மாடுகளின் உரிமையாளர்கள்.' அறிக்கை தயாரித்த நிறுவனத்தின் ஆள் அந்தப் பதிவேட்டை ஒருநாள் இரவல் வாங்கிப் போயிருந்தார்.

"அப்போ சம்மதிச்சது என் மாடுதான்," என்றார் அவ்தாந்தில். "அதையும் நேர்ல வந்து கேட்டிருந்தா முட்டியிருக்கும்."

ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். இங்கா சிரிக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் படமெடுத்தார். வங்கியின் புகார்ப் பிரிவுக்கான மனு அங்கேயே எழுதப்பட்டது. எதேரி சொன்னார், நான் எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து, அணைக்கான கடனை வங்கி கைவிட்டது. கடிதம் எங்கள் மொழியில் வந்தது. எதேரி அதை உரக்கப் படித்தார். நடுவில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத் தொடர்ந்தார். ஊரே எழுந்து நின்று, எங்கள் வழக்கப்படி மேல், நடு, கீழ் என மூன்று குரலில் பாடியது. ஒயின் நிறைந்த கொம்புக் கோப்பை கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது.

5

இங்கேயே முடித்துவிட நினைத்து, எழுதியதை எதேரியிடம் காட்டினேன்.

"எங்களைப் பத்தித்தானே எழுதியிருக்கே? ஊர்ல கேட்டியா?"

கேட்கவில்லை. அதனால் பள்ளிச் சுவரில் ஒட்டினேன். இரண்டே நாளில் ஓரமெல்லாம் நிரம்பிவிட்டது. 'நான் இதைவிடக் காட்டமாகப் பேசினேன்,' இது அவ்தாந்தில். 'அந்தப் பாட்டின் கீழ்க்குரல் என்னுடையது, பெயர் போடவும்,' இது யாரென்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் எதேரி: 'கடைசிப் பத்தியை நீயாக முடிவு செய்யாதே.'

அதனால் அதை எழுதவில்லை. தாளில் அதற்கான இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா தொங்குகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எழுதிவிட்டுப் போங்கள்.