நீ போய்ச் சாப்பிடு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தாயின் கால்வரை ரெகுலா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ச் சாப்பிடுடி. காலையிலேர்ந்து பட்டினி," என்றாள் வெரேனா. புற்றுநோய் அவளைக் குழந்தையளவு சுருக்கியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டார்கள்.

ரெகுலா கட்டிலைவிட்டு நகரவில்லை. முப்பது வருஷம் அம்மாவின் 'போ'வுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது: போய்த்தான் பாரேன்! தேனிலவுக்குப் போனபோது நாற்பத்தோரு தடவை போன் வந்தது. நாற்பத்திரண்டாவது, அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து. ஆளுமைக் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'வானிலை'.

அம்மாவின் அறுபத்திரண்டு வயதில்தான் மனநல டாக்டர் எபி, தலைநகர் பெர்னில் அரசிடம் தனி அனுமதி வாங்கி, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள், ரெகுலாவும்தான். இரண்டாம் தடவை சாயங்காலம் கூட்டிவரப் போனபோது, சிகிச்சைக்காகக் கட்டியிருந்த கண்பட்டையைக் கழற்றிவிட்டு அம்மா மெத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு வயசுல எங்கம்மா என்னைப் பண்ணையில வேலைக்கு விட்டுட்டுப் போனாள்ல? அந்தத் தொழுவத்துக்குப் போயிருந்தேன். அந்த அஞ்சு வயசுப் பொண்ணு கத்திட்டே இருந்தா. பக்கத்துல உக்காந்து, நான் எங்கயும் போகமாட்டேண்டின்னேன். நிறுத்திட்டா."

மாயமொன்றுமில்லை; அடுத்த வாரமே அம்மா எறிந்த ஒரு கோப்பை சுவரில் மோதி உடைந்தது. பிறகு மூன்று வருஷம் வியாழன்தோறும் எபியிடம் பேசிப் பேசித்தான் வீட்டுக் கோப்பைகள் பிழைத்தன.

ஆனால் சாகிற நேரத்தில் பழையதெல்லாம் கிளம்பிவிட்டால்?

"நான் இங்கயே இருக்கேம்மா."

"எதுக்கு? மூச்சு விட எனக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா? போடி. கதவைச் சாத்திட்டுப் போ."

குளியலறைக் கதவைக்கூட யாரையும் சாத்த விடாதவள் அவள். ரெகுலா சாத்தினாள். வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லை. மெல்லக் கீழே இறங்கினாள்.

கான்டீனில் காபியும் ஆப்பிள் கேக்கும் வாங்கி, போனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். அது வாய் திறக்கவே இல்லை. பாதி கேக்கில் நர்ஸ் ஃப்ளூரினா வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல. மணி கைப்பக்கம்தான் இருந்துச்சு, அழுத்தல. நடுவுல எட்டிப் பாத்து, கூட இருக்கட்டுமான்னேன். 'நீயும் போய் ஒரு காபி குடி'ன்னு சிரிச்சாங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் போனா, முடிஞ்சிருந்துச்சு."

ரெகுலாவுக்கு அழுகை வந்தது. அதற்கும் மேலாக மலைப்பாக இருந்தது. இத்தனை பெரிய காரியத்தை அம்மா தன்னந்தனியாகச் செய்துவிட்டாள்.

"நான் உடனே வரணுமா?"

"அவசரமில்ல. நிதானமா வாங்க."

ரெகுலா முள்கரண்டியை எடுத்து, மீதிக் கேக்கைக் கடைசித் துணுக்குவரை சாப்பிட்டாள்.